சோதனை வெற்றிக்குத் தண்ணீர் எதற்கு?

ஒரு காட்டில், தண்ணீர் குடிக்கக்கூட டோக்கன் வாங்கவேண்டிய அளவுக்கு நாகரிகம் முற்றிப்போன ஒரு காட்டில், வைராயி என்று ஓர் உடும்பு இருந்தது. இருந்தாள் என்றே சொல்லிவிடுவோம். உத்தியோகத்தில் உள்ளவளை ‘அது’ என்று சொன்னால் ஊழியர் சங்கம் சண்டைக்கு வரும்.

முன்பெல்லாம் அந்தக் காட்டில் தாகமெடுத்தவர் சுனைக்குப் போய்க் குடித்தார். பசியெடுத்தவர், குடிக்க வந்தவரைத் தின்றார். ஒழுங்கு என்று ஒன்று கிடையாது. மூன்று வருஷம் மழை பொய்த்து, சுனை சுருங்கிக் குட்டையானதும், சிங்கம் கேசரிநாதர் ஓர் ஒழுங்கைக் கொண்டுவந்தார். சுனையைச் சுற்றி வேலி. வேலிக்கு ஒரு கதவு. கதவுக்குப் பக்கத்தில் ஒரு கணினிப் பெட்டி. விடிந்ததும் பெட்டியின் முன்னால் முகத்தைக் காட்டினால் டோக்கன் விழும். மைனா ஒலிபெருக்கியில் பெயரைக் கூப்பிட்டதும் உள்ளே போனால் தொட்டியில் ஒரு பங்கு தண்ணீர் விழும். வரிசையில் நிற்கும்போது யாரும் யாரையும் தின்னக்கூடாது. கேசரிநாதரும் தம்மை ராஜா என்று கூப்பிடுவதை நிறுத்தச் சொல்லி, ‘தலைமை நிர்வாகி’ என்று பலகை எழுதி மாட்டிக்கொண்டார். தின்பது மட்டும் பழைய பெயரிலேயே நடந்துகொண்டிருந்தது.

அந்தப் பெட்டிக்குள், எல்லாவற்றுக்கும் அடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஆட்டிவைக்கிற நிரலுக்குக் கெர்னல் என்று பெயர். காட்டில் பாதிப் பேருக்கு அது ‘கர்னல்’ என்றே காதில் விழுந்தது. யாரோ பட்டாளத்துப் பெரியவர் உள்ளே இருக்கிறார் போலும் என்று, பெட்டியைத் தாண்டும்போது ஒரு சலாம் வைத்துவிட்டுப் போவார்கள்.

கெர்னலை எழுதியது யானை மாதங்கி அம்மாள். நினைவகம் சம்பந்தப்பட்ட வேலை. யானையை விட்டால் வேறு யாரிடம் கொடுப்பது? கெர்னலிடம் குழிகள் வரிசையாக இருந்தன. ஒருவர் வந்தால் அவருக்கு ஒரு குழியைக் கொடுத்து, அதில் அவர் பெயரையும் எண்ணையும் போட்டு வைக்கும். அவர் குடித்துவிட்டுப் போனதும் குழியைத் துடைத்து அடுத்தவருக்குக் கொடுக்கும். நினைவகம் என்பது இவ்வளவுதான். மற்றதெல்லாம் சம்பளம் கூட்டிக் கேட்பதற்காகச் சொல்வது.

கெர்னல் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க, தினமும் முதல் டோக்கன் விழுவதற்குச் சற்று முன்னால் ஒரு சோதனை நிரல் ஓடத் தொடங்கும். எட்டுக் குழிகளைக் கேட்டு வாங்கும், ஏதோ போட்டுப் பார்க்கும், திருப்பிக் கொடுக்கும். கதவு திறக்கும்போது ஆலமரத்தில் கட்டியிருந்த பலகையில் பச்சை விளக்கு எரியும். அந்தச் சோதனையை எழுதியது தரக்கட்டுப்பாட்டுத் துறைத் தலைவர், மயில் சிகாமணி. நானூற்றுப் பன்னிரண்டு நாளாகப் பலகை பச்சையாகவே எரிந்துகொண்டிருந்தது. அண்டைக் காடுகளின் கூட்டமைப்பு அதைக் கேள்விப்பட்டு, விருது கொடுக்கலாமா என்று பார்க்க மூன்று கழுகுகளை அனுப்புவதாகக் கடிதம் போட்டிருந்தது. கழுகுகள் மேலிருந்து பார்ப்பதில் கெட்டிக்காரர்கள்.

நம் வைராயி, மாதங்கி அம்மாளுக்குக் கீழே கெர்னல் பராமரிப்பில் இருந்தாள். அந்தப் பிரிவில் அவர்கள் இரண்டு பேர்தான். மேலே ஒருவர், கீழே ஒருவர். பதவி உயர்வு என்ற பேச்சே எழாத அமைப்பு. வைராயிக்கு அதில் குறையும் இல்லை. அவளுக்கு ஒரு பிழை கிடைத்தால் போதும். கவ்விவிட்டால் விடமாட்டாள். சாப்பாட்டு நேரத்திலும் அதைக் கவ்விக்கொண்டே இருப்பாள்.

ஒருநாள் அவள் ஏதோ காகிதம் வாங்குவதற்காகப் புகார்ப் பிரிவுக்குப் போயிருந்தாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு சருகுமான் நின்றுகொண்டிருந்தது. முயலளவு உடம்பு. குச்சி குச்சியாகக் கால்கள். பெயர் பூவாத்தா. மலைக்கு அந்தப் பக்கம் இருந்த காட்டில் கல்குவாரி வந்துவிட்டதால், கைக்குட்டியோடு இந்தக் காட்டுக்குக் குடிவந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

“நாலு நாளாத் தண்ணி கெடைக்கலீங்க,” என்றாள் பூவாத்தா. “பின்னாடி நின்னா காட்டெருமை மிதிச்சுப்போடுது. அதனால வெடியறதுக்கு முன்னாடியே வந்து மொதல் ஆளா நின்னுக்கறேன். மொதல் டோக்கனும் வாங்கிப்போடறேன். ஆனா எம் பேரைக் கூப்பிடறதே இல்லீங்க.”

உள்ளே இருந்த எழுத்தர் முள்ளம்பன்றி சல்லியப்பன், திரையைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு மறுபடி பார்த்தார்.

“முதல் டோக்கன் உங்க பேர்ல இல்லையேம்மா.”

“வேற ஆரு பேர்ல இருக்குதுங்க?”

“சோதனை வெற்றி.”

“அது ஆருங்க?”

“எனக்கென்ன தெரியும்? நாலு நாளும் முதல் ஆளா வந்திருக்கார். மைனா மூணு தடவை கூப்பிட்டிருக்கு. ஆள் வரலை. அடுத்த டோக்கனுக்குப் போயிடுச்சு.”

உண்மைதான். தினமும் காலையில் மைனா, “சோதனை வெற்றி! சோதனை வெற்றி!” என்று மூன்று முறை கூவும். கூட்டம் ஏதோ நல்ல செய்தி என்று நினைத்து வாலை ஆட்டிவிட்டு அடுத்த பெயருக்குக் காத்திருக்கும்.

“நான்தானுங்க மொதல்ல நின்னது,” என்றாள் பூவாத்தா.

“அப்ப நீங்கதான் சோதனை வெற்றி. பேர் மாத்தினதுக்கு அத்தாட்சி இருக்கா?”

“நான் பூவாத்தாங்க.”

“பூவாத்தான்னா நீங்க வரிசையிலேயே இல்லை. வரிசையில இல்லாதவங்க தண்ணி கிடைக்கலைன்னு புகார் தர முடியாது. சோதனை வெற்றின்னா தரலாம்.” சல்லியப்பன் குரலைத் தாழ்த்தினார். கெட்டவர் இல்லை, பாவம். “ஆனா அதுவும் எடுபடாதும்மா. சோதனை வெற்றிக்கு என்ன குறை இருக்க முடியும்? சோதனை வெற்றிக்குத் தண்ணி எதுக்குன்னு மேலே கேப்பாங்க.”

பூவாத்தா ஜன்னல் மரத்தில் நாடியை வைத்துக்கொண்டு நின்றாள். “எனக்குப் பால் வத்திப்போச்சுங்க,” என்றாள். அதைச் சல்லியப்பனிடம் சொன்னாளா, மரத்திடம் சொன்னாளா என்று தெரியவில்லை.

வைராயி தன் பங்குத் தண்ணீரை அவளுக்குக் கொடுத்துவிட்டு, வெளியே கூட்டிவந்தாள்.

“இங்க யாரும் முதல் ஆளா நிக்க மாட்டாங்க. உனக்கு யாரும் சொல்லலையா?” என்றாள்.

அது காட்டுக்கே தெரிந்த விஷயம். முதல் டோக்கன் ராசியில்லை. விடிவதற்கு முன்னால் எல்லாரும் வந்துவிடுவார்கள். ஆனால் புதருக்குப் பின்னால் பதுங்கிக்கொள்வார்கள். யாராவது ஓர் ஏமாளி முன்னால் போய் நின்ற பிறகுதான் புதர்கள் அசையும். ஏமாளி கிடைக்காத நாட்களில், “நீங்க போங்க”, “சேச்சே, வயசுல பெரியவங்க, நீங்க போங்க” என்று ஒரே மரியாதையாக இருக்கும். சூரியன் உச்சிக்கு வரும்வரை அந்த மரியாதை நீண்ட நாட்களும் உண்டு.

“நாளைக்கு ரெண்டாவதா நில்லு,” என்றாள் வைராயி.

பூவாத்தா கேட்டாள்: “அப்ப மொதல்ல ஆரு நிப்பாங்க?”

பதில் தெரியாத கேள்வி ஒன்று வாயில் அகப்பட்டால் உடும்பு என்ன செய்யும்? கவ்விக்கொண்டாள்.

முதல் டோக்கன் விவகாரத்துக்குக் காட்டில் ஏற்கெனவே ஒரு விளக்கம் இருந்தது. மாதங்கி அம்மாளுக்கு வயதாகிவிட்டது, ஞாபகம் பிசகுகிறது, அவர் எழுதிய கெர்னலுக்கும் பிசகுகிறது என்பதே அது. முதலில் யார் சொன்னார்கள் என்று தெரியாது. ஆனால் எல்லாரும் அதைச் சிகாமணியிடமிருந்துதான் கேள்விப்பட்டிருந்தார்கள். சோதனை பச்சை காட்டுகிறது, ஆகவே சோதனையில் கோளாறில்லை, ஆகவே கோளாறு யானையில். இந்த நியாயம் யாருக்கும் உடனே புரிந்துவிட்டதால், யாரும் அதை மேற்கொண்டு யோசிக்கவில்லை. அம்மாளுக்கு ஓய்வு தேவை என்று மூங்கில் தோப்புக்கு அனுப்பிவைத்திருந்தார்கள். அங்கே அவர் தம் நிரலை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஆறு முறை படித்துவிட்டு ஏழாம் முறை படித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் விடியலில் வைராயியே போய் முதல் ஆளாக நின்றாள். அதற்கு முன்பே, முதல் குழியில் ஒரு பொறி வைத்திருந்தாள். டோக்கன் விழுந்தபின் கெர்னலைத் தவிர வேறு யார் அந்தக் குழியில் கை வைத்தாலும் மணி அடிக்கும், கை வைத்தவர் யார் என்று எழுதியும் காட்டும். டோக்கன் விழுந்தது. குழியில் ‘வைராயி’ என்று எழுதியிருந்தது. புதர்கள் அசைந்தன. வரிசை சேர்ந்தது. பச்சை விளக்கு எரிந்தது. அப்போது மணி அடித்தது.

குழியில் ‘சோதனை வெற்றி’ என்று இருந்தது. கை வைத்தவர் பெயரும் இருந்தது. சோதனை.

வைராயி நம்பவில்லை. பொறிதான் பழுதோ என்று அடுத்த நாளும் பார்த்தாள். அதற்கடுத்த நாளும் பார்த்தாள். மூன்று நாளும் அதே கை.

பிறகு சோதனை நிரலை எடுத்து வைத்துக்கொண்டு படித்தாள். சமாசாரம் சின்னதுதான். வாடகை வீட்டில் இருந்தவர் காலி செய்துவிட்டுச் சாவியையும் கொடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மறு சாவி ஒன்று அவர் மடியில் இருக்கிறது. புதுக் குடித்தனக்காரர் பாலைக் காய்ச்சிக்கொண்டிருக்கும்போது இவர் கதவைத் திறந்து உள்ளே வந்து, சுவரில் மாட்டியிருந்த அவர் பெயரை அழித்து, ‘நான் இங்கே சௌக்கியமாக இருந்தேன்’ என்று எழுதிவிட்டுப் போகிறார். சிகாமணியின் சோதனை அதைத்தான் செய்தது. எட்டுக் குழிகளையும் திருப்பிக் கொடுத்தது. கெர்னல் அதில் முதல் குழியை முதலில் வந்தவருக்குக் கொடுத்தது. அதன்பின் சோதனை சாவகாசமாகத் திரும்பிவந்து, இன்னும் தன் குழிதான் என்ற நினைப்பில், ‘சோதனை வெற்றி’ என்று எழுதியது.

நோயைக் கண்டுபிடிக்க வந்தவரே நோயைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

வைராயி மூங்கில் தோப்புக்கு ஓடினாள். மாதங்கி அம்மாள் கேட்டு முடிக்கும்வரை அசையவில்லை. தும்பிக்கையால் ஒரு மூங்கிலை வளைத்துப் பிடித்திருந்தார். பிடியைத் தளர்த்தவும் மறந்துபோயிருந்தார்.

“நான்தான்னு நம்பிட்டேன்டீ,” என்றார். “ஒவ்வொரு தடவை படிக்கிறப்பவும், முதல் குழியில தப்பு கண்ணுல படலையே, கண்ணும் போயிடுச்சு போலன்னு நினைச்சேன்.”

வைராயிக்கு அழுகை வந்தது. உடும்புக்கு அழுகை வந்தால் வெளியில் தெரியாது. அவள் நேரே சிகாமணியின் அலுவலகத்துக்குப் போனாள்.

சிகாமணி அப்போது விருது விழாவுக்குத் தோகையைச் சீவிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டுக் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. கோபம் தோகையைச் சிலிர்க்கவைத்துக் கலைத்துவிடும்.

“வைராயி, உட்காருங்க. நீங்க பாத்தது எந்த நிரல்?”

“சோதனை நிரல் சார்.”

“அதைத்தான் சொல்றேன். அது சோதனை நிரல். நிஜ நிரல் இல்லை. நிஜ நிரல்ல தப்பு இருந்தாத்தான் பிழை. சோதனையில இருந்தா அதுக்குப் பேர் பிழை இல்லை.”

“வேற என்ன பேர் சார்?”

“நடைமுறை.”

“அந்த நடைமுறையால தினமும் ஒருத்தருக்குத் தண்ணி கிடைக்காமப் போகுது சார்.”

“ஒருத்தருக்குத்தானே? மத்த எல்லாரும் குடிக்கிறாங்களே, அதை ஏன் பாக்க மாட்டேங்கறீங்க?”

“ரெண்டே வரி சார். மாத்தினாப் போதும்.”

“மாத்தலாம். ஆனா மாத்தின சோதனை சரியான்னு யார் சோதிப்பா? அதுக்கு ஒரு சோதனை எழுதணும். அந்தச் சோதனை சரியான்னு பாக்க இன்னொண்ணு.” சிகாமணி கழுத்தை அழகாகத் திருப்பினார். “நல்லது. விண்ணப்பமா கொடுங்க. விருது முடியட்டும், குழு போட்டுப் பாக்கலாம். இந்த வாரம் யாரும் எதையும் தொடக்கூடாதுன்னு உத்தரவு.”

வைராயி விண்ணப்பம் கொடுக்கவில்லை. குறைதீர்க்கும் நாள் மறுநாளே இருந்தது. பூவாத்தாவைக் கூட்டிக்கொண்டு போய்க் கேசரிநாதரின் பாறைக்கு முன்னால் நின்றாள். நடந்ததை எல்லாம் சொன்னாள். வாடகை வீட்டு உதாரணத்தையும் சொன்னாள். கேசரிநாதர் கொட்டாவி விட்டார். அவர் கொட்டாவி விட்டபோது பூவாத்தா இரண்டடி பின்வாங்கி நின்றாள்.

“பலகை என்ன நிறம்?” என்றார் கேசரிநாதர்.

“பச்சைங்க ஐயா.”

“பச்சைன்னா?”

“எல்லாம் சரின்னு அர்த்தம். ஆனா அந்தச் சோதனையே தப்புங்க ஐயா.”

கேசரிநாதர் பிடரியைச் சொறிந்தார். “தப்பான சோதனையிலயே நாம தேறியிருக்கோம்னா, சரியான சோதனையில தேற மாட்டமா?”

“பிரமாதம் ஐயா,” என்றார் சிகாமணி.

சபை கலையப் பார்த்தது. அப்போதுதான் வைராயி அதைச் செய்தாள். பாறையின் விளிம்பை நான்கு காலாலும் கவ்விக்கொண்டாள். கேசரிநாதர் இறங்கவேண்டுமானால் அவளை மிதித்துத்தான் இறங்கவேண்டும். குறைதீர்க்கும் நாளில் மனுதாரரை மிதிப்பது மரபில்லை. காவலுக்கு நின்ற கரடிகள் இரண்டு சேர்ந்து இழுத்தன. பாறை கொஞ்சம் நகர்ந்தது. வைராயி நகரவில்லை. “ரெண்டு வரிங்க ஐயா. ரெண்டே வரி,” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். வெயில் ஏறியது. கேசரிநாதருக்குச் சாப்பாட்டு நேரம் வந்தது, தாண்டியது. அவர் வயிறு உறுமியது சபையின் கடைசி வரிசைவரை கேட்டது. கடைசி வரிசையில் இருந்தவர்கள் மெதுவாகக் கிளம்பிப் போனார்கள்.

“கொடு, கொடு,” என்று காகிதத்தைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டார் கேசரிநாதர்.

அன்று பிற்பகலே வைராயி நிரலைத் திருத்தினாள். ‘வெற்றி’ என்று எழுதும் வரியை எடுத்து, குழியைத் திருப்பிக் கொடுக்கும் வரிக்கு மேலே வைத்தாள். முதல் வரி தீர்ந்தது. இரண்டாவது வரியில், வெற்றி என்று எழுதுமுன், கேட்ட எட்டுக் குழியும் வந்ததா என்று எண்ணிப் பார் என்று சேர்த்தாள். வெற்றி என்று சொல்வதற்கு முன்னால் வெற்றிதானா என்று பார்த்துவிடுவது நல்லது என்று அவளுக்குத் தோன்றியது. அவள் வாழ்க்கையில் செய்த தவறு அது ஒன்றுதான்.

மறுநாள் விடியலில் பூவாத்தா முதல் ஆளாக நின்றாள். வைராயி பக்கத்திலேயே நின்றாள். மைனா ஒலிபெருக்கியைத் தட்டிவிட்டு, “பூவாத்தா!” என்று கூப்பிட்டது. கூப்பிட்ட மைனாவுக்கே ஆச்சரியம். பூவாத்தா உள்ளே ஓடினாள். தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. புதர்களுக்குப் பின்னால் பதுங்கியிருந்தவர்கள் எல்லாரும் எழுந்து பார்த்தார்கள். தாயும் குட்டியும் முகத்தைத் தொட்டிக்குள் விட்டு, மூச்சு வாங்கக்கூட நிமிராமல் குடித்தார்கள்.

வைராயி அதைப் பார்த்துக்கொண்டு நின்றதால் பலகையைப் பார்க்கவில்லை. மற்றவர்கள் பார்த்தார்கள்.

பலகை சிவப்பாக எரிந்தது. ‘எட்டுக் குழி கேட்டேன். ஏழுதான் வந்தது’ என்று எழுதியிருந்தது.

அந்தக் காட்டில் இன்னொரு விஷயமும் எல்லாருக்கும் தெரியும். எட்டாம் டோக்கன்காரருக்குத் தொட்டியில் பாதித் தண்ணீர்தான் விழும். எட்டு சனியின் எண். அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். பக்தியுள்ளவர்கள் பெட்டியின் முன்னால் எள் உருண்டை வைத்தார்கள். ஆனால் சனிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கெர்னலில் எட்டாவது குழி நிஜமாகவே ஒழுகிக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் சோதனை அதை எண்ணிப் பார்த்ததே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு பச்சையைப் போட்டுக்கொண்டிருந்தது.

செய்தி கேட்டு மாதங்கி அம்மாள் தோப்பிலிருந்து ஓட்டமாக வந்தார். சிவப்புப் பலகையைப் பார்த்ததும் தும்பிக்கையைத் தூக்கிப் பிளிறினார். எல்லாரும் துக்கத்தில் பிளிறுகிறார் என்று நினைத்தார்கள். ஆனந்தம் அது.

“வந்துடுச்சு பாத்தியா! எட்டாவது குழி ஒழுகுதுன்னு ரெண்டு தடவை எழுதிக் கொடுத்தேன். பலகை பச்சையா இருக்குன்னு ரெண்டு தடவையும் திருப்பி அனுப்பினாங்க. அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. அரை நாள் கொடுங்க ஐயா, அடைச்சுடறேன்.”

கேசரிநாதர் அவசரக் கூட்டம் கூட்டியிருந்தார். மறுநாள் காலையில் கழுகுகள் வருகின்றன.

“நேத்து வரைக்கும் பச்சை. இன்னிக்குச் சிவப்பு,” என்றார் அவர். “நடுவுல தொட்டது யாரு?”

“நான்தாங்க ஐயா,” என்றாள் வைராயி.

“அப்ப பிழை யாருது?”

எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

“அரை நாள் ஐயா,” என்றார் மாதங்கி அம்மாள்.

“அரை நாள்ல அடைச்சுட்டா, நாளைக்குப் பச்சை எரியும். எத்தனையாவது நாள் பச்சை?” என்று கேட்டார் கேசரிநாதர்.

“முதல் நாள் ஐயா,” என்றார் சிகாமணி. மிகுந்த வருத்தத்தோடு சொன்னார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “ஒரு யோசனை இருக்கு. பழைய சோதனையையே திரும்ப வெச்சுடலாம். இன்னிக்கு எரிஞ்சது விளக்குக் கோளாறுன்னு எழுதிடலாம். இந்தம்மா சருகுமானுக்காகத்தான் கஷ்டப்படறாங்க. நியாயம்தான், நானும் மனசாட்சி உள்ளவன். முதல் டோக்கனுக்குத் தண்ணி வராது, அவ்வளவுதானே? முதல் டோக்கனைப் பொதுமக்கள் வாங்கினாத்தானே பிரச்சினை? நம்ம அலுவலர் ஒருத்தரைத் தினமும் முதல் ஆளா நிக்கவெச்சுட்டா? பொதுமக்கள் ரெண்டுலேர்ந்து ஆரம்பிப்பாங்க. அலுவலருக்குத் தண்ணி தனியாப் பானையில கொடுத்துடலாம். முதல் டோக்கன் அலுவலர். புதுப் பதவி.”

சபையில் பலர் தலையாட்டினார்கள். யாருக்கும் எந்தக் கஷ்டமும் இல்லாத யோசனை என்பது அபூர்வம்.

“யாரைப் போடலாம்?” என்றார் கேசரிநாதர்.

“வைராயியைவிடத் தகுதியானவங்க யாரு? பிடிச்ச இடத்துலயே நிப்பாங்க.”

மாதங்கி அம்மாள் அவளைப் பார்த்தார். வைராயி வாயைத் திறந்தாள். மாட்டேன் என்று சொல்லத்தான் திறந்தாள். அப்போது, ஜன்னல் மரத்தில் நாடியை வைத்துக்கொண்டு நின்ற பூவாத்தாவின் முகம் அவள் நினைவுக்கு வந்தது. மாட்டேன் என்றால் வேலை போகும். பழைய சோதனை எப்படியும் திரும்பி வரும். நாளை விடியலில் அந்தக் குச்சிக்கால்காரிதான் போய் முன்னால் நிற்பாள். சரி என்றால் நாளையிலிருந்து அவள் இரண்டாவது.

இந்த விருது முடியட்டும் என்று நினைத்தாள். விருது முடிந்ததும் மறுபடி கவ்விக்கொள்ளலாம்.

“சரிங்க ஐயா,” என்றாள்.

திருத்திய இரண்டு வரிகளை ஒரு தேக்கிலையில் எழுதி மடித்து வைத்துக்கொண்டாள். மாதங்கி அம்மாள் திரும்பி நடந்தார். மூங்கில் தோப்பிலும் அவர் நிற்கவில்லை. கிழக்கே ஒரு காட்டில் இன்னும் கணினி வராமல் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, அந்தப் பக்கமாகப் போய்விட்டார்.

கழுகுகள் வந்தன. மேலே மூன்று சுற்றுச் சுற்றின. பலகை பச்சையாகத் தெரிந்தது. விருது கொடுத்துவிட்டுப் போயின.

வைராயி தினமும் விடிவதற்கு முன்னால் வந்து முதல் ஆளாக நின்றாள். டோக்கன் வாங்கினாள். பெயர் அழிந்தது. மைனா மூன்று முறை கூவியது. பிறகு வரிசை நகர்ந்தது. பொதுமக்களுக்கு ரொம்பத் திருப்தி. மரியாதைச் சண்டை ஒழிந்தது. “உங்க புண்ணியமுங்க அக்கா,” என்பாள் பூவாத்தா, குடித்துவிட்டு வரும்போது.

ஏற்பாடு நன்றாக நடப்பதைப் பார்த்துச் சிகாமணி எட்டாவது டோக்கனுக்கும் ஓர் அலுவலரைப் போட்டார். சல்லியப்பனின் மைத்துனருக்கு அந்த வேலை கிடைத்தது. அதன்பிறகு பதின்மூன்றில் ஏதோ தடங்கல் என்று பேச்சு வந்தது. அதற்கும் ஓர் ஆள். இருபத்தொன்றுக்கு இரண்டு பேர், ஷிஃப்ட் முறையில். நிற்கிறவர்களை மேற்பார்வையிட ஒரு குரங்கு. குரங்கின் வருகையைப் பதிவு செய்ய இன்னொரு குரங்கு. சிகாமணி தரக்கட்டுப்பாட்டுத் துறையோடு ‘நிற்கும் துறை’க்கும் தலைவரானார். நிற்கிறவர்களுக்குப் போட்டித் தேர்வு வைத்தார்கள். அதற்குப் பயிற்சி மையங்கள் வந்தன. மையங்களின் வாசலில், ஒற்றைக் காலில் நின்று முதலிடம் பிடித்த கொக்கின் படத்தை மாட்டியிருந்தார்கள்.

அடுத்த கோடை வந்தது. அந்த வருஷம் விருது ஒன்றும் இல்லை. கழுகுகள் வேறு காட்டைச் சுற்றப் போயிருந்தன. இதுதான் சமயம் என்று வைராயிக்குப் பட்டது. தேக்கிலை காய்ந்து சருகாகியிருந்தது. எழுத்து அழியவில்லை. குறைதீர்க்கும் நாளுக்கு முந்தின காலை, வரிசையில் பூவாத்தாவைத் தேடிக்கொண்டு போனாள்.

கிட்டத்தட்ட வரிசை முழுவதும் அட்டை மாட்டிய அலுவலர்களாக இருந்தார்கள். நடுநடுவே சில பொதுமக்கள், ஏதோ தவறான இடத்தில் வந்து நிற்பவர்கள்போலக் கூச்சத்தோடு நின்றார்கள். பூவாத்தாவைப் பதினேழாம் இடத்தில் கண்டுபிடித்தாள். அவள் கழுத்திலும் ஓர் அட்டை தொங்கியது.

“தேர்வுல தேறிட்டனுங்க அக்கா!” என்றாள் பூவாத்தா. முகமெல்லாம் சிரிப்பு. “போன வாரந்தான் உத்தரவு வந்துச்சு. உங்களைத் தேடி வரலாம்னுதான் இருந்தேன்.”

“பதினேழுல என்ன பிழை?”

“இன்னும் கண்டுபிடிக்கலீங்க. பதவி போட்டாச்சு. பிழையைத் தேடிக்கிட்டு இருக்கறாங்க. கெடைக்காட்டி நானே ஒண்ணு எழுதிக் குடுத்தர்றேன், பயப்படாதேன்னு மயில் ஐயா சொல்லியிருக்காரு.”

வைராயி தேக்கிலையைப் பிரித்துக் காட்டினாள். “நாளைக்கு என்கூடப் பாறைக்கு வா. அன்னிக்கு நடந்ததை நீ ஒருத்தி சொன்னாப் போதும். ரெண்டு வரி மாத்தினா முதல் டோக்கன் சரியாகிடும். அப்புறம் எட்டு. அப்புறம் ஒவ்வொண்ணா எல்லாத்தையும் எடுத்துடலாம்.”

பூவாத்தா அந்த இலையைப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்து சிரிப்பு மெல்லப் போயிற்று. பதினாறும் பதினெட்டும் காதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வரிசையின் அந்தக் கோடிவரை ஒவ்வொரு தலையாகத் திரும்பியது.

“அக்கா, காலைப் புடிச்சுக் கேக்கறனுங்க. அதை மட்டும் செஞ்சுபோடாதீங்க.”

“ஏன்டி? பிழை போயிடுமே.”

“பிழை போனா எம் பிழைப்பும் போயிருமுங்க அக்கா. பானைத் தண்ணி வருது. புள்ளைக்கு வயிறு ரொம்புது. காட்டெருமைகூட இப்பல்லாம் எனக்கு வணக்கம் வெச்சுட்டுத்தான் தாண்டிப் போகுது.”

குட்டி வளர்ந்து, தாயின் பக்கத்தில் கொழுகொழுவென்று படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. வைராயி இலையைப் பழையபடி மடிக்கப் பார்த்தாள். காய்ந்த இலை மடிபடவில்லை. கையிலேயே பொடிந்து உதிர்ந்தது.

“அலுவலர் அம்மா, கதவு திறக்கிற நேரமாச்சு!” என்று குரங்கு கூப்பிட்டது.

அவள் போய்த் தன் இடத்தில் நின்றுகொண்டாள்.

*

நீதி: பிழையைச் சகிப்பவர் ஒருவராக இருக்கும்வரை அது பிழை. அதை நம்பிப் பிழைப்பவர் பத்துப் பேரானபின் அது துறை. ஆகவே குழந்தைகளே, பிழை கண்டால் உடனே திருத்திவிடாதீர்கள். முதலில் அதில் காலியிடம் எத்தனை என்று விசாரியுங்கள்.